திரையில் நான்காவது கட்டம்

என் எதிரே சுவரில் ஒரு பெரிய திரை இருந்தது. அதில் நான்கு கட்டங்கள், கட்டத்துக்கு ஓர் ஊர். கலபுரகியில் ஒரு பழைய கல்லூரிக் கட்டடத்தின் மாடியறையில் உட்கார்ந்தபடி, ராய்ச்சூர் பக்கத்து நான்கு அரசுப் பள்ளிகளின் எட்டாம் வகுப்புகளுக்கு நான் ஒரே நேரத்தில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். அந்த நான்கு ஊர்களிலும் கணக்கு ஆசிரியர் இடம் பல வருடங்களாகக் காலி. ஆள் போக மறுத்த இடங்களுக்குத் திரையை அனுப்பியிருந்தார்கள்.

பிள்ளைகள் என்னைத் தங்கள் வகுப்புத் திரையில் பார்ப்பார்கள். நான் எழுதுவது அங்கே தெரியும். ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் சோப்புக்கட்டி அளவில் ஒரு பொத்தான் பெட்டி. நான் கேள்வி கேட்டதும் நான்கு விடைகளில் ஒன்றை அழுத்துவார்கள். அழுத்தியவுடன் என் மேசைத் திரையில் அந்தப் பிள்ளையின் எண் பச்சையாகும். எந்த ஊரில் யார் சரி, யார் தப்பு, யார் இன்னும் யோசிக்கிறார்கள் என்று எல்லாம் தெரியும்.

அதற்கு முன் பதினோரு வருடம் தனியார் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். "புரிஞ்சுதா?" என்று கேட்பேன். "புரிஞ்சுது மேடம்" என்று வகுப்பே கத்தும். நம்பிக்கொண்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். இங்கே முதல் வாரமே பின்னத்தில் ஒரு சின்னக் கேள்வி கேட்டேன். நூற்றுப் பத்துப் பேரில் பதினான்கு பேர்தான் சரியாக அழுத்தினார்கள். மறுநாள் எட்டாம் வகுப்புப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஐந்தாம் வகுப்புப் பாடத்திலிருந்து தொடங்கினேன். ஆகஸ்ட் மாதம் அதே மாதிரிக் கேள்விக்கு எண்பத்தொரு பேர் சரியாக அழுத்தினார்கள். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலை இதுதான் என்று அப்போது நினைத்தேன்.

நான்காவது கட்டம் தேவரதொட்டி. முப்பத்தொரு பிள்ளைகள். அதில் பதினேழாம் எண் ஹுலிகெம்மா. நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் பதினேழு பச்சையாகிவிடும். ஒருநாள் அந்த வகுப்பின் மைக்கைத் திறந்து கேட்டேன்.

"ஹுலிகெம்மா, கேள்வியை முழுசா கேட்டுட்டு அழுத்தக் கூடாதா?"

"நீங்க என்ன கேப்பீங்கன்னு தெரியும் மேடம். நீங்க சுத்திச் சுத்தி அங்கதான் வருவீங்க."

வகுப்பே சிரித்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பாக்யஸ்ரீ, "ஏய், வாயப் பாரு!" என்று அதட்டிவிட்டுத் தானும் சிரித்தாள். பாக்யஸ்ரீ அந்தப் பள்ளியின் தற்காலிக ஆசிரியை. திரையைப் போடுவது, பொத்தான் பெட்டிகளைக் கொடுத்து வாங்குவது, பிள்ளைகளை அடக்குவது எல்லாம் அவள் பொறுப்பு.

ஜூலை நடுவிலிருந்து கண்ணில் பட்டதை மாதக் கடைசியில்தான் உற்றுக் கவனித்தேன். கேமரா திரைக்கு மேலே, பிள்ளைகளைப் பார்த்தபடி மாட்டப்பட்டிருந்தது. அதனால் பின் சுவரும் கூரையும் எனக்கு நன்றாகத் தெரியும். கடைசி வரிசைக்கு மேலே, மின்விசிறிக் கொக்கிக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கோடு.

"மஹபூப், அது என்ன?" என்று கேட்டேன். மஹபூப் எங்கள் அறையின் தொழில்நுட்ப ஆள். கேமரா, மைக், பதிவு எல்லாம் அவன் கையில்.

"ஒட்டடை மேடம். இல்லாட்டி கேமராவுல முடி ஒட்டியிருக்கும்."

"முடி வாராவாரம் வளருமா?"

அவன் படத்தைப் பெரிதாக்கினான். விரிசல் கொக்கியிலிருந்து சுவர் வரை ஓடியிருந்தது. சுற்றிலும் ஈரம் ஊறிப் பழுப்பு நிறம்.

தலைமையாசிரியர் வீரபத்ரப்பாவுக்கு அன்றே போன் செய்தேன்.

"மேடம், நீங்க கணக்கு டீச்சரா, இன்ஜினீயரா?"

"சார், விளையாட்டில்ல. ரெண்டு வாரத்துல ஒரு ஜாண் நீண்டிருக்கு."

"மேல இருந்து பணம் வந்தாத்தான் மேடம் மேல இருக்கறதச் சரி பண்ண முடியும். எழுதிப் போட்டிருக்கேன். வரும்."

எங்கள் திட்ட அலுவலகத்தில் ஒருங்கிணைப்பாளர் சுஹாஸிடம் சொன்னேன். நல்ல பையன்தான். "பில்டிங் நம்ம கைல இல்ல மேடம். நம்மளுது ஸ்க்ரீன் மட்டும்தான்" என்றான். "உங்களுக்குப் படம் நல்லாத் தெரியுதுல்ல?"

"நல்லாத் தெரியறதாலதான்ப்பா சொல்றேன்."

என்னால் முடிந்தது ஒன்றுதான். கடைசி இரண்டு வரிசையைக் காலி செய்யச் சொன்னேன். முப்பத்தொரு பேரும் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். ஆனால் வகுப்பில் இருந்த ஒரே மின்விசிறி பின்னால்தான் சுற்றிக்கொண்டிருந்தது. ராய்ச்சூர் பக்கத்து வெயில் மழைக்காலம் என்றெல்லாம் பார்ப்பதில்லை. பாதி வகுப்பு போனதும் ஒவ்வொருவராகப் பின்னால் நழுவுவார்கள். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டு முன்னால் வரச் சொல்வேன். மற்ற மூன்று ஊர்ப் பிள்ளைகளும் இதை வேடிக்கை பார்ப்பார்கள். "தேவரதொட்டி, முன்னாடி வா!" என்று, நான் மைக்கைத் திறந்தாலே அவர்கள் கேலியாகக் கத்த ஆரம்பித்தார்கள்.

செப்டம்பர் இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. முந்தைய மூன்று நாளும் நல்ல மழை. அன்று வெயில் சுள்ளென்று அடித்தது. விகிதத்தில் ஒரு கேள்வி போட்டுவிட்டு நிமிர்ந்தேன். ஹுலிகெம்மா புத்தகத்தால் விசிறிக்கொண்டே கடைசிப் பெஞ்சுக்குப் போய் உட்காருவது தெரிந்தது. இந்தக் கேள்வி முடியட்டும், கூப்பிடலாம் என்று இருந்தேன்.

பெரிய சத்தம் ஏதோ வந்திருக்க வேண்டும். எனக்குக் கேட்கவில்லை. நான்கு வகுப்பு இரைச்சலும் ஒன்றாக வந்தால் பாடம் நடத்த முடியாது என்று அவர்கள் பக்கத்து மைக்கை எப்போதும் மூடித்தான் வைத்திருப்போம். நான் பார்த்ததெல்லாம், நான்காவது கட்டம் சட்டென்று வெள்ளையாகிப் போனதுதான். சுண்ணாம்புத் தூசி. அதற்குள் சின்னச் சின்ன உருவங்கள் கதவுப் பக்கம் ஓடின. பிறகு யாரையும் காணவில்லை.

மற்ற மூன்று கட்டங்களிலும் பிள்ளைகள் தலையைக் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எண்கள் பச்சையாகிக்கொண்டிருந்தன.

"மஹபூப், மைக்! மைக்கைத் திற!"

திறந்தான். மின்விசிறி எதிலோ இடிக்கிற 'டக் டக்' மட்டும் கேட்டது. பாக்யஸ்ரீக்குப் போன் போட்டேன். மணி அந்த அறைக்குள்ளேயே அடித்தது. போனை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். வீரபத்ரப்பா எடுக்கவில்லை. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு இப்பால் உட்கார்ந்துகொண்டு தூசி அடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டத்திலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கி, சைகையால், அடுத்த கேள்வி எங்கே என்று கேட்டாள்.

அப்போது என் மேசைத் திரையில் தேவரதொட்டியின் பன்னிரண்டாம் எண் பச்சையானது.

பெட்டியோடு ஓடியிருக்கிறார்கள். முற்றத்திலிருந்து அழுத்தினாலும் வேலை செய்கிறது. நான் மைக்கை வாயோடு வைத்துக் கத்தினேன். அங்கே திரையின் ஒலிபெருக்கி முற்றம் வரைக்கும் கேட்கும்.

"தேவரதொட்டி! நான் பேசறது கேக்குதா? நல்லா இருக்கறவங்க எல்லாரும் முதல் பொத்தானை அழுத்துங்க! முதல் பொத்தான்!"

ஐந்து. இருபத்திரண்டு. எட்டு. மூன்று. ஒன்பது, பத்து. நான் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினேன். மஹபூப் பக்கத்தில் நின்று வாய்விட்டு எண்ணினான். இருபத்தாறு வந்தது. நின்றது. மறுபடி கத்தினேன். இருபத்தொன்பது. முப்பது.

பதினேழு வரவில்லை.

"இன்னொரு தடவ சொல்லுங்க மேடம்" என்றான் மஹபூப். சொன்னேன். "ஹுலிகெம்மா, அழுத்தும்மா" என்று சொன்னேன். எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அந்தக் காலி அறையில் என் முகம் பெரிதாகத் திரையில் தெரிந்திருக்கும், என் குரல் மட்டும் கத்திக்கொண்டிருந்திருக்கும். பார்க்க யாரும் இல்லை. எழுந்து ஓட வேண்டும் என்று கால் துடித்தது. எங்கே ஓடுவது? கதவைத் திறந்தால் கலபுரகி.

இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பாக்யஸ்ரீ யாருடைய போனிலிருந்தோ பேசினாள். அழுதுகொண்டே பேசினாள். "உயிருக்கு ஒண்ணுமில்ல மேடம். மண்டையில கிழிஞ்சிருக்கு. தோள்பட்டை வீங்கியிருக்கு. பைக்குல வெச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. பெட்டி கைய விட்டுத் தெறிச்சிருச்சு, அதான்..."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று ஊர்ப் பிள்ளைகளும் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வகுப்பு முழுவதும் பதிவாகியிருந்தது. ஜூலையிலிருந்து விரிசல் வளர்ந்ததும் பதிவுகளில் இருந்தது. சுஹாஸ், "வெளிய குடுக்காதீங்க மேடம், மெதுவா அலுவலகம் மூலமா போகலாம்" என்றான். எனக்கு மெதுவாகப் போகப் பொறுமை இல்லை. மஹபூபிடம் பிரதி வாங்கி எனக்குத் தெரிந்த ஒரு நிருபரிடம் கொடுத்தேன். சனிக்கிழமை பேப்பரில் படத்தோடு வந்தது. செவ்வாய்க்கிழமை அதிகாரிகள் ஜீப்பில் போய் இறங்கினார்கள். அளந்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், இரண்டு அறைகளை உபயோகிக்கக் கூடாது என்று பூட்டிச் சீல் வைத்தார்கள். "பாத்தீங்களா மேடம், ஒரே வாரம்!" என்றான் மஹபூப். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

மிச்சமிருந்த இரண்டு அறைகளில் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை வைத்துக்கொண்டார்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளை ஏழு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற ஹிரேஹள்ளிப் பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். பாக்யஸ்ரீக்கு வேலை இல்லாமல் போனது. திரை, கேமரா, பொத்தான் பெட்டிகள் எல்லாவற்றையும் பத்திரமாகப் பஞ்சு சுற்றி ஹிரேஹள்ளிக்கு எடுத்துப் போனார்கள். ஒரு கீறல் விழவில்லை.

மூன்று வாரம் இருண்டு கிடந்த நான்காவது கட்டம் அக்டோபரில் திரும்ப வெளிச்சமானது. புதுப் பெயின்ட் அடித்த சுவர், மூன்று மின்விசிறி, ஐம்பத்திரண்டு பிள்ளைகள். அந்த முகங்களுக்குள் என் பிள்ளைகளைத் தேடினேன். பன்னிரண்டு பேர் இருந்தார்கள். தேவரதொட்டியில் பெண்கள் பதினாறு பேர். இங்கே மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். பதினேழாம் எண் பெட்டியை யாரோ ஒரு பையன் வைத்திருந்தான். நன்றாகப் படிக்கிற பையன்தான். அவன் எண் பச்சையாகும்போதெல்லாம் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்ப்பேன்.

மற்றவர்கள் எங்கே என்று பாக்யஸ்ரீயிடம் கேட்டேன்.

"காலைல எட்டு மணிக்கு ஒரு பஸ் மேடம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு. நடுவுல ஒண்ணும் கிடையாது. பசங்க எப்படியோ சைக்கிள்ல போறாங்க. பொண்ணுங்கள யாரு அனுப்புவா? பருத்தி வேற வெடிச்சிருச்சு, பறிக்க ஆள் வேணும்."

வண்டி ஏற்பாடு செய்யச் சொல்லி மூன்று இடங்களுக்கு எழுதினேன். ஓரிடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. இந்தத் திட்டத்தில் போக்குவரத்துக்கு இடமில்லை என்று.

நவம்பரில் லீவு போட்டுவிட்டு தேவரதொட்டிக்குப் போனேன். மூன்று மாதத்துக்கு மேல் தினமும் பார்த்த ஊர், ஆனால் ஒரு சுவரும் ஒரு கூரையும் தவிர நான் எதையும் பார்த்ததில்லை. பாக்யஸ்ரீ பஸ் நிறுத்தத்தில் நின்றாள். முதலில் பள்ளிக்குப் போனோம். வீரபத்ரப்பா வராந்தாவில் மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒன்றாக உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க மேடம். இது கெட்டியான கூரைதான்" என்றார். சிரிக்கவில்லை.

"சார், எழுதிப் போட்டது என்ன ஆச்சு? முன்னாடியே வந்து ரிப்பேர் பண்ணியிருந்தா..."

"நான் எழுதிப் போடவே இல்ல மேடம்."

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

"ரெண்டு வருஷம் முன்னாடி பக்கத்துக் கும்பாரதொட்டில எழுதிப் போட்டாங்க. ரிப்பேர் பண்ண வரல, பூட்டு போட வந்தாங்க. இப்ப அந்த ஸ்கூல்ல பருத்தி மூட்டை அடுக்கியிருக்கு. போய்ப் பாருங்க. இந்தப் பசங்க எட்டாவது முடிக்கறவரைக்கும், இன்னும் ஏழு மாசம், அந்தக் கூரை தாங்கிச்சுன்னா போதும்னு இருந்தேன். தினமும் காலைல வந்ததும் முதல்ல அண்ணாந்துதான் பார்ப்பேன்."

"உயிர் போயிருந்தா என்ன சார் பண்ணியிருப்பீங்க?"

"ஜெயிலுக்குப் போயிருப்பேன். அந்தப் புள்ளைங்க திரும்பி வருமா, வராது." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீங்க பண்ணது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன் மேடம். எது சரின்னு எனக்குத் தெரிஞ்சிருந்தாத்தானே சொல்றதுக்கு?"

ஹுலிகெம்மாவின் வீட்டில் அவள் அம்மா அமரவ்வா தண்ணீர் கொடுத்தாள். ரொட்டி சாப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தினாள். கோபமே இல்லை. நான்தான் பேச்சை எடுத்தேன்.

"ரொம்ப நல்லாப் படிக்கற பொண்ணும்மா. விட்டுடாதீங்க."

"தெரியும் டீச்சரம்மா. டி.வி.க்குள்ள இருந்து நீங்க அவ பேரச் சொல்லிக் கூப்பிடுவீங்களாமே, தினமும் வந்து சொல்லுவா." சொம்பில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள். "ஏழு கிலோமீட்டர் போற வழில நாலு குடிகாரனுங்க உக்காந்திருக்கானுங்க. டி.வி.ல இருந்து இறங்கி வந்து நீங்க கூட்டிட்டுப் போவீங்களா, சொல்லுங்க. இப்பவே அனுப்பறேன்."

அவள் எங்கே என்று கேட்டேன்.

ஹுலிகெம்மா பருத்திக் காட்டில் இருந்தாள். இடுப்பில் துணியை மடித்துக் கட்டி, அதற்குள் பஞ்சைப் பறித்துப் போட்டுக்கொண்டே வந்தவள் என்னைப் பார்த்து அப்படியே நின்றாள். தலையில் தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.

"மேடம்? நீங்க இவ்வளவு குள்ளமா?"

நான் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். கிட்டே வந்து தோளுக்குத் தோள் வைத்து அளந்து பார்த்தாள். என்னைவிட இரண்டு விரல்கடை உயரம்.

"வலிக்குதா இன்னும்?"

"கைய மேல தூக்கினா வலிக்கும். இது கீழதானே பறிக்கறது." பிறகு கேட்டாள், "அல்ஜீப்ரா ஆரம்பிச்சிட்டீங்களா மேடம்?"

"ஆரம்பிச்சாச்சு."

"ரொம்பக் கஷ்டமாமே? ஹிரேஹள்ளிக்குப் போற நாகப்பா சொன்னான். ஒண்ணுமே புரியலையாம் அவனுக்கு."

"உனக்குக் கஷ்டமா இருக்காது" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நிமிடம் அவள் என்னை நேராகப் பார்த்தாள். அதுவரை அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குனிந்து பறிக்க ஆரம்பித்தாள். நானும் அவள் பக்கத்தில் நடந்தேன். ஒரு குச்சியை எடுத்து வரப்பு மண்ணில் சமன்பாடு ஒன்றை எழுதிக் காட்டினேன். பறித்துக்கொண்டே பார்த்தாள். இரண்டாவது வரி எழுதும்போதே விடையைச் சொன்னாள். மூன்றாவது கணக்கை எழுதும்போது மேஸ்திரி தூரத்திலிருந்து, "ஏ ஹுலிகி, அங்க என்ன கதை? சாலு அப்படியே நிக்குது!" என்று கத்தினார். அவள் பறிக்காமல் விட்ட வரிசைக்கு ஓடினாள். ஆறு மணி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாக்யஸ்ரீ என் கையைப் பிடித்து இழுத்தாள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் அப்பாவின் போனில் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கலாம் என்று முயன்றேன். இரண்டு வாரம் நடந்தது. மூன்றாவது வாரம் குடும்பத்தோடு அறுவடைக்கு வேறு ஊர் போய்விட்டார்கள் என்று பாக்யஸ்ரீ சொன்னாள். போன் அணைந்து கிடந்தது. பன்னிரண்டு பேரில் இன்னும் மூன்று பேர் ஜனவரிக்குள் நின்றுபோனார்கள்.

மார்ச்சில் திட்டத்தின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. சுஹாஸ் வரைபடம் போட்டுக் காட்டினான். நான்காவது பள்ளியின் சராசரி மதிப்பெண் ஐம்பத்து நான்கிலிருந்து அறுபத்தொன்றாக ஏறியிருந்தது. கை தட்டினார்கள். மேலதிகாரி ஒருவர் என் பேரைச் சொல்லிப் பாராட்டினார். நான் எழுந்தேன்.

"சார், தேவரதொட்டில முப்பத்தொரு பிள்ளைங்க படிச்சாங்க. இப்ப ஒன்பது பேர்தான் இருக்காங்க. தூரத்துல இருக்கறவங்க, பொண்ணுங்க, எல்லாம் நின்னுட்டாங்க. மிச்சம் இருக்கறவங்க மார்க்கைத்தான் இதுல போட்டிருக்கு."

அவர் கனிவாகத்தான் பேசினார். "வருத்தமான விஷயம்தான் மேடம். ஆனா இடைநிற்றல் வேற பிரிவு. அவங்ககிட்ட நான் கண்டிப்பா சொல்றேன்." குறிப்பேட்டில் ஏதோ எழுதியும் கொண்டார்.

அடுத்த வருடத்திலிருந்து நான்கு கட்டங்கள் ஆறாகும் என்று சொன்னார்கள். ஒப்பந்தத்தை நீட்டிக்கும் காகிதத்தை சுஹாஸ் என் மேசையில் வைத்தான். இரண்டு நாள் அப்படியே வைத்திருந்தேன். வேண்டாம் என்று போய்விட்டால் மற்ற மூன்று ஊர்களிலும் கணக்கு நடத்த ஆள் கிடையாது. மூன்றாவது நாள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். புதிதாகச் சேர்ந்த இரண்டு ஊர்களின் வகுப்பறைகளை மஹபூப் திரையில் கொண்டுவந்து காட்டினான். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பொருத்தியிருந்தார்கள். பிள்ளைகளின் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமாம். கூரை தெரியவில்லை.